காஞ்சியும் கையறுநிலையும்: நிலையாமைப் பாடல்களை வாசித்தல் பற்றிச் சில கருத்துகள்

1

நிலையாமை தமிழ்க் கவிதையின் மிகப் பழைய பாடுபொருள்களுள் ஒன்று. தொல்காப்பியம் அதற்கென ஒரு திணையையே வகுத்தது. திருக்குறள் துறவறவியலில் அதற்கு ஓர் அதிகாரம் தந்தது. நாலடியார் அதனைச் செல்வம், இளமை, யாக்கை என மூன்றாகப் பகுத்துத் தன் முதல் மூன்று அதிகாரங்களிலும் பேசியது. திருமந்திரமும், சித்தர் பாடல்களும், பட்டினத்தார் பெயரால் வழங்கும் பாடல்களும் அதனை எழுத்தறியாதார் நாவிலும் நிலைபெறச் செய்தன.

இப்பெரும் பரப்பினை நமது இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஒரே கோலால் அளந்துவிடுகின்றன. சமண பௌத்தச் செல்வாக்கின் விளைவென ஒரு சாரார் அதற்குக் காரணம் காட்டுவர். வாழ்வை மறுக்கும் விரக்திக் குரல் என இன்னொரு சாரார் ஒதுக்குவர். வாழ்வுக்கு வேண்டிய மெய்யறிவு என மற்றொரு சாரார் போற்றுவர். முத்திறத்தாரும் தம்முள் மாறுபட்டாராயினும் ஒன்றில் உடன்படுகின்றனர். சாவு இயல்பு என்று கூறும் பாடல்கள் யாவும் ஒரே செய்தியைத்தான் கூறுகின்றன என்பதே அவ்வுடன்பாடு.

அவ்வுடன்பாட்டை மறுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சாவை இயல்பென ஏற்றல் தமிழ்க் கவிதையில் இரு வழிகளில் நிகழ்ந்துள்ளது. இறந்தவரை நினைந்து அழுது, அவ்வழுகையினூடாகவே உலகின் இயல்பை உணர்ந்து கொள்ளுதல் ஒரு வழி. அழுகையை அறியாமையென விலக்கி, அறிவுரையால் மனத்தை அடக்குதல் மற்றொரு வழி. முன்னைய வழியே கவிதை என்ற வகையிலும் வாழ்வறம் என்ற வகையிலும் ஆழமானது என்பதும், தொல்காப்பியரின் காஞ்சித்திணை அமைப்பே அதற்குச் சான்று பகர்கின்றது என்பதும் நாம் இங்கு நிறுவ முயலும் கருத்துகளாகும்.

2

புறத்திணையியல் வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என ஏழு திணைகளைக் கூறும். இவ்வரிசையில் காஞ்சி வாகையை அடுத்து நிற்கின்றது. வெற்றியைப் பேசி முடித்த இலக்கணம், அடுத்த சூத்திரத்திலேயே நில்லாத உலகத்தைப் பேசத் தொடங்குகின்றது. இவ்வைப்பு முறையைத் தற்செயலானது என்று கொள்வதற்கில்லை. ஆநிரை கவர்தலில் தொடங்கி, மண்ணுக்கும் மதிலுக்குமாகப் பொருது, வென்றவர் புகழ்பெற்று முடிந்த பின்னர், அப்போரினால் ஊரிலும் மனையிலும் எஞ்சியது யாது என்ற வினாவைக் காஞ்சி எழுப்புகின்றது.

அத்திணையின் துறைகளை வரிசையாக நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். கூற்றத்தின் ஆற்றலை எடுத்துரைப்பது முதல் துறை. எவர் வந்து சேரினும் தான் இடம்பெயராது நிற்கும் புறங்காட்டை வாழ்த்துவது இறுதித் துறை. இவ்விரண்டுக்கும் இடையில் வருவன பெரும்பாலும் துயருறும் மனிதரின் செயல்களும் சொற்களுமேயாகும். புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் அணுகாமற் காக்கும் மனைவி, இறந்தவனின் இயல்புகளை ஒவ்வொன்றாய்ச் சொல்லி இரங்குவோர், ஒருங்கு கூடி அரற்றும் சுற்றத்தார், மனைவியை இழந்த கணவன், கணவனை இழந்து நோன்பு பூண்ட கைம்பெண், களத்தில் மகனை இழந்து தானும் மாயும் தாய், புரவலனை இழந்து செயலற்றுப் போன பாணரும் புலவரும் என இவர்கள் ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர்.

நிலையாமையைப் பொதுவாக உரைக்கும் துறைகளையும், குறிப்பிட்ட ஒருவருக்காக அழும் துறைகளையும் தொல்காப்பியர் வேறுபிரித்து வைத்தாரில்லை. இரண்டும் ஒரே திணையின் பகுதிகள். உலகம் நில்லாது என அறிந்தவர் அழமாட்டார் என்ற எண்ணமோ, அழுகின்றவர் அவ்வுண்மையை அறியாதவர் என்ற எண்ணமோ இவ்வமைப்பில் இடம்பெறவில்லை. அறிவும் அழுகையும் ஒரே நிலத்தில் நிற்கின்றன.

பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரு திணைகளை வகுத்தபோது, காஞ்சி என்னும் பெயர் எதிரூன்றிக் காக்கும் போருக்கு உரியதாயிற்று. நிலையாமைத் துறைகளும் இரங்கற்றுறைகளும் பலவாகப் பொதுவியலுள் சென்றடங்கின. புறநானூற்றுப் பாடல்களின் அடியிற் காணப்படும் திணை துறைக் குறிப்புகளும் இப்பன்னிரு திணைப் பாகுபாட்டினை ஒட்டியனவேயாகும். எனினும் அங்கும் இரு வகைப் பாடல்களும் பொதுவியல் என்ற ஒரே திணையின் கீழேயே குறிக்கப்பட்டுள்ளமை கவனிக்கத்தக்கது. பெயர் மாறியபோதும் உறவு அறுபடவில்லை.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பயிலும் வாய்ப்பு நமக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உண்டு. க. கைலாசபதியின் ஆங்கில ஆய்வு நூல் 1968இல் வெளிவந்த பின்னர், சங்கச் செய்யுள்களை வீரயுகப் பாடல்களாக நோக்கும் முறை நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. அந்நோக்கினால் நாம் பெற்ற பயன் பெரிது. ஆனால் வீரயுகத்தின் புறங்காட்டில் நின்றவர்களின் குரலைக் காஞ்சி என்ற திணையாகவே வாசிக்கும் பணி அதே அளவு நடைபெறவில்லை.

3

இனிப் பாடல்களுக்கு வருவோம். நிலையாமை பற்றிய பேச்சில் முதலில் நினைவுக்கு வருவது கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாட்டு. அதன் முதலடி மேடைதோறும் முழங்குகின்றது. எஞ்சிய அடிகளை நினைப்பவர் சிலரே. எல்லா ஊரும் நம்முடையதே என்ற கூற்றுக்குப் புலவர் காட்டும் காரணம் பின்னடிகளிலேயே உள்ளது. சாவு புதியதன்று, வாழ்வு இனிதென மகிழ்வதும் இன்னாதென வெறுப்பதும் இல்லை, பேரியாற்று நீரின் போக்கிற் செல்லும் புணைபோல உயிர் முறைவழிச் செல்கின்றது. இவ்வாறு கூறிச் செல்லும் பாட்டு ஒரு சமூக அறத்தில் முடிகின்றது. பெரியோரை வியத்தலும் இல்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை. எல்லோரும் ஒரே நீரோட்டத்திற் செல்வோர் என்று கண்டவன் உயர்வு தாழ்வு பாராட்டுவதற்கு நியாயம் இழக்கின்றான். நிலையாமை உணர்வு இங்கு வாழ்வைத் துறக்கும்படி கூறவில்லை. மனிதரை மதிக்கும் முறையொன்றைக் கற்பிக்கின்றது.

ஆயினும் இப்பாட்டில் இறந்தவர் எவரும் இல்லை. அழுகுரலும் கேட்பதில்லை. அக்குரலுடன் சேர்த்து இவ்வுண்மையைக் கூறும் பாடல் 194ஆவது. அதனைப் பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு மனையில் சாப்பறை ஒலிக்கின்றது. மற்றொரு மனையில் மணமுழவு ஒலிக்கின்றது. ஒருத்தி பூச்சூடி நிற்கின்றாள். மற்றொருத்தி கண்ணீர் வடிக்கின்றாள். இவ்வாறு படைத்தவன் பண்பில்லாதவன் என்று புலவர் வெளிப்படையாகவே பழிக்கின்றார். உலகம் இன்னாதது என்பதை ஒப்புக்கொள்கின்றார். அதன் பின்னரே, அதன் இயல்பறிந்தோர் அதனுள் இனியவற்றைத் தேடிக் காணவேண்டும் என்கின்றார். இவ்வொழுங்கு முக்கியமானது. பழித்தல் முதலிலும் ஏற்றல் இறுதியிலும் வருகின்றது. படைத்தவனைப் பழிக்காது நேரே ஆறுதலுக்குச் சென்றிருப்பின் அவ்வாறுதலை நாம் நம்பியிருக்கமாட்டோம்.

பாரிமகளிர் பாடிய 112ஆம் பாட்டு இன்னும் ஒரு படி செல்கின்றது. சென்ற திங்களின் நிலவில் தந்தையும் இருந்தான், குன்றும் இருந்தது. இத்திங்களின் நிலவில் இரண்டும் இல்லை. நிலவு மட்டும் அதே நிலவு. உலகம் மாறும் என்பதை உணர்த்த இதனினும் சிறந்த படிமம் தேடிப்பெறல் அரிது. ஆனால் அம்மகளிர் அதிலிருந்து பொதுநீதி எதனையும் பெறவில்லை. குன்றைக் கொண்டவர் யார் என்பதை, வென்றெறிந்த முரசினையுடைய வேந்தர் என்று சொல்லிவிடுகின்றனர். தந்தையின் சாவு நிலவின் தேய்வைப்போல் தானே நிகழ்ந்ததாக அப்பாட்டில் இல்லை. சாவு உலகின் இயல்பு என்ற உண்மை, கொன்றவனின் பொறுப்பை மறைக்கும் திரையாக அங்கு பயன்படவில்லை.

ஒளவையார் அதியமானுக்காகப் பாடிய 235ஆம் பாட்டில் ‘மன்’ என்னும் இடைச்சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. அதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள்களைத் தொல்காப்பியர் கூறுவர். சிறிதளவு கள் கிடைத்தால் அதனை எமக்கே தருவான், அது கழிந்தது. சோறு சிறிதாயினும் பெரிதாயினும் பலரோடு உண்பான், அதுவும் கழிந்தது. ஒருவனின் பழக்கங்கள் ஒவ்வொன்றாக இறந்தகாலத்துள் செல்வதைக் கவிதை ஓர் இடைச்சொல்லால் நடத்திக் காட்டுகின்றது. நிலையாமை என்ற சொல்லே அப்பாட்டில் வேண்டப்படவில்லை.

245ஆம் பாட்டும் 246ஆம் பாட்டும் அடுத்தடுத்து நிற்பன. இவற்றை ஒருங்கே வாசித்தல் நம் பொருளுக்கு இன்றியமையாதது. முன்னையது கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்னும் சேரமன்னன் தன் மனைவியை இழந்து பாடியது. களர்நிலத்து ஈமவிறகில் அவள் கிடந்தாள். யானோ இன்னும் வாழ்கின்றேன். இதன் தன்மைதான் என்ன என்று அவன் வியக்கின்றான். உயிர் நில்லாது என்பதே பிறர்க்கு வியப்பாக, தன் உயிர் நின்றுவிட்டதே அவனுக்கு வியப்பாகின்றது. பின்னையது பூதப்பாண்டியன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும் வேளையிற் கூறியது. தன்னைத் தடுத்த சான்றோரை அவள் கடிந்துரைக்கின்றாள். நெய் தீண்டாத சோறும், எள் விழுதும், வேளைக்கீரையும் உண்டு, பாயின்றிப் பருக்கைக்கற்களின்மீது துயிலும் கைம்மை வாழ்வைவிடத் தனக்கு ஈமத்தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்கின்றாள்.

மனைவியை இழந்த வேந்தன் வாழ்ந்துகொண்டே வியக்கின்றான். கணவனை இழந்த அரசி தீயுட் புகுகின்றாள். அவளுடைய ‘ஏற்பு’ உலகியல்பைக் கண்டு பிறந்ததன்று. அவளை அதற்கு உந்தியது கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்த உணவும் படுக்கையுமாகும். தன் காரணத்தை அவளே பட்டியலிட்டுக் கூறுகின்றாள். ஆதலால் காஞ்சியின் பாடல்களைப் போற்றும்போது, அவற்றுள் சாவை ஏற்கும் குரல்கள் யாவும் இயல்பான குரல்கள் என்று கருதுதல் பொருந்தாது. எச்சாவு இயற்கையின்பாற்பட்டது, எது வழக்கத்தினாலும் வாளினாலும் விளைந்தது என்ற வேறுபாட்டைப் பாடல்களே நமக்குக் காட்டுகின்றன. அதனைக் காணாது விடுதல் வாசிப்பவரின் குறையே.

பெயரறியாத ஒருத்தியின் கூற்றாக வரும் 256ஆம் பாட்டு இதே துயரை வேறொரு தொனியில் கூறும். வண்டியின் ஆர்க்காலைப் பற்றிக்கொண்ட சிறிய வெண்பல்லி வண்டி சென்ற வழியெல்லாம் செல்வதைப்போல, அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் அவள். ஈமத்தாழி வனையும் குயவனை நோக்கி, தனக்கும் இடம் இருக்குமாறு அதனை அகலமாக வனையும்படி வேண்டுகின்றாள். புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஈமத்தாழிகளைப் பற்றி அறிந்த நமக்கு இவ்வேண்டுகோள் வெறும் கற்பனையாகத் தோன்றாது. தாழியின் வாயளவு ஒரு மனித உறவின் அளவாகிவிடுவதை இப்பாட்டிற் காண்கிறோம்.

4

மணிமேகலை இவ்வழியிலிருந்து விலகுகின்றது. அவ்விலகல் சாத்தனாரின் குறைபாடன்று. அவர் தெரிந்து மேற்கொண்ட வழியாகும். இறந்தாரைச் சுடுதல், வாளா இட்டுவிடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியாற் கவித்தல் எனச் சாவின் புறவழக்கங்கள் யாவற்றையும் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை தொகுத்துரைக்கும். அக்காதையிலேயே கோதமையின் கதையும் வருகின்றது. அவளுடைய மகன் சார்ங்கலன் புறங்காட்டிற் பேயைக் கண்டு அஞ்சி இறந்தான். அவனைத் தூக்கிச் சென்ற தாய் சம்பாபதியிடம் முறையிடுகின்றாள். தன் உயிரை வாங்கிக்கொண்டு, கண்ணற்ற தந்தைக்குத் துணையாக மகன் உயிரைத் தருமாறு இரக்கின்றாள். வினைவழிச் சென்ற உயிரை மீட்டல் எவர்க்கும் இயலாது என்கிறது தெய்வம். அவள் ஒப்பாதபோது எல்லாத் தேவர்களும் வரவழைக்கப்படுகின்றனர். அவர்களும் அதனையே கூறுகின்றனர். கோதமை துயர் நீங்கி, மகனை ஈமத்திலிட்டுத் தானும் உயிர் நீத்தாள்.

இலங்கையில் வாழ்வோர் இக்கதையைக் கேட்டதும் பாளி மரபிலுள்ள கிசாகோதமியை நினையாதிருத்தல் அரிது. தம்மபத உரைநூல் கூறும் அக்கதையில், இறந்த குழந்தையுடன் வந்த தாயிடம் புத்தர் கேட்டது சிறிது கடுகு. சாவு நிகழாத வீட்டிலிருந்து அதனைப் பெற்றுவர வேண்டும் என்பதே விதி. அவள் வீடு வீடாகச் சென்றாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவும் எல்லா வீட்டிலும் நிகழ்ந்திருந்தது.

இரு தாயரும் கற்ற உண்மை ஒன்றே. கற்பிக்கப்பட்ட முறை வேறு. சாத்தனாரின் கோதமைக்கு வானுலகத்தார் சான்று கூறி வழக்கை முடிக்கின்றனர். கிசாகோதமிக்கோ அயலாரின் வாசற்படிகளே பாடமாகின்றன. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் தமது இழப்பைச் சொல்ல, அவள் அதனைக் கேட்டிருப்பாள். அவளது துயர் மறுக்கப்படவில்லை. பிறர் துயரோடு சேர்க்கப்பட்டது. நன்கணியாரின் ஊரில் ஒலித்த பறையும் இத்தகைய ஒரு வாசலில் ஒலித்ததுதானே.

சிறைவிடு காதையில் இவ்விரு முறைகளும் ஒரே உரையாடலுக்குள் மோதுகின்றன. மகன் உதயகுமரனை இழந்த அரசியிடம் மணிமேகலை கேட்கும் வினா தமிழ்க் காப்பியங்களிலுள்ள கூர்மையான வினாக்களுள் ஒன்று. நீ அழுதது உடலுக்காகவா, உயிருக்காகவா? உடலுக்காயின், அதனைச் சுடுகாட்டுக்கு அனுப்பியவர் யார்? உயிருக்காயின், அது சென்று சேர்ந்த இடத்தை நீ அறியாய். இவ்வளவோடு நின்றிருப்பின் அது ஒரு தாயின் வாயை அடைக்கும் தருக்கமாகவே முடிந்திருக்கும். மணிமேகலை மேலும் ஒன்று கூறுகின்றாள். அவ்வுயிரிடத்து உனக்கு அன்பு உண்டாயின் எல்லா உயிருக்கும் நீ இரங்க வேண்டும் என்கின்றாள். முதலிரு படிகளும் அழுகையை நிறுத்துவன. மூன்றாவது படி அதனை விரிவாக்குவது. காப்பியத்தின் உயிர் இம்மூன்றாவது படியிலேயே உள்ளதென்பது எமது கருத்து. அமுதசுரபி ஏந்திய கை பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டதும், சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதும் அப்படியின் செயல்வடிவங்களே. உடல் நில்லாது என்று உரைக்கும் நூல், அவ்வுடலின் பசியைத் தணிப்பதைத் தலையாய அறமாகக் கொண்டமை தன்முரண்பாடன்று. நில்லாதது என்பதனாலேயே உடல் பேணுதற்குரியதாகின்றது.

5

நீதிநூல்களை வாசிக்கும்போதும் இவ்வேறுபாட்டையே நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய புறநானூற்றின் 243ஆம் பாட்டு இளமையின் கழிவைப் பற்றியது. மணற்பாவைக்குப் பூச்சூட்டிய மகளிரோடு ஆடியது, நீர்மேற் சாய்ந்த மருதக்கிளையிலேறிக் கரையிலுள்ளோர் மருள மடுவிற் குதித்தது, அடியாழத்து மணலை அள்ளிக் காட்டியது ஆகியன யாவும் முதியவரின் நினைவில் நிற்கின்றன. இப்போது கையில் தண்டு, பேச்சினிடையே இருமல். அவர் நமக்கு அறிவுரை கூறவில்லை. இழந்த இளமையை அவர் நேசித்தார் என்பது மட்டும் தெரிகின்றது.

நாலடியாரின் இளமை நிலையாமை அதிகாரமும் முதுமையின் அதே அடையாளங்களைப் பயன்படுத்துகின்றது. ஆனால் அங்கு தண்டூன்றி நடப்பவள் ஓர் எச்சரிக்கை. அவளுக்கு நினைவுகள் இல்லை. நூலின் ஐந்தாம் அதிகாரமான தூய்தன்மையில் உடல் அருவருப்புக்குரிய பொருளாகவே காட்டப்படுகின்றது. துறவு நெறிக்கு இது தேவைப்பட்டிருக்கலாம். எனினும் வெறுத்த ஒன்றை இழப்பதற்குத் துணிவு வேண்டுவதில்லை. நேசித்ததை இழக்கும்போதுதான் ஏற்றல் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாகின்றது. விரக்தி என்று நம் விமரிசகர் கண்டிப்பது இவ்வகையையே யாயின் அவர் கண்டனம் நியாயமானது. அதனைக் காஞ்சி முழுவதற்கும் விரித்தல் பொருந்தாது.

வள்ளுவர் இரண்டுக்கும் இடையில் நிற்கின்றார். நிலையாமை அதிகாரத்தில் சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடும்போது அருவருப்புக்கு அங்கு இடமில்லை. நா அடங்கி விக்குள் எழுமுன் நற்செயலை விரைந்து செய்க என்று கூறும்போது நிலையாமை செயலுக்குத் தூண்டுகோலாகின்றது. ஆயின் முட்டையை விட்டுப் பறவை பறந்தாற்போல உயிர் உடலைப் பிரிகிறது என்னும்போது, பின்னே எஞ்சியவரை அவர் நோக்கவில்லை. குறளின் சுருக்கம் அதற்கு இடந்தரவில்லை போலும்.

6

காஞ்சியின் மரபு ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ‘கல்வெட்டு’ என்னும் சிறுநூலை அச்சிட்டு உற்றார்க்கு வழங்கும் வழக்கம் நாமெல்லோரும் அறிந்தது. அண்மைக்காலத்தில் அது நினைவு மலர் என்று பெயர் மாறி வருகின்றது. இலக்கிய வரலாற்றாசிரியர் இதனை இலக்கியமாகக் கருதியது குறைவு. செத்தவீட்டுச் சடங்கின் ஓர் உறுப்பு என்ற அளவிலேயே இது பெரும்பாலும் விடப்பட்டது.

ஆயின் அதன் அமைப்பை நோக்குக. இறந்த நாளையும் திதியையும் பதிவுசெய்யும் வெண்பா இருக்கும். பிறந்த ஊர், மரபு, தொழில், செய்த நற்பணி ஆகியவற்றைக் கூறும் வரலாறு இருக்கும். யாக்கை நிலையாமையைக் கூறும் செய்யுள்கள் இருக்கும். பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சுற்றத்தார் புலம்பல் என வரிசையாக வரும். அவற்றைப் புலவரோ பண்டிதரோ ஊராசிரியரோ பிறர்பொருட்டு இயற்றிக் கொடுத்திருப்பர். கூற்றத்தின் பெருமையும் சுற்றத்தின் பூசலும் ஒரே அட்டைக்குள் அருகருகே நிற்கின்றன. காஞ்சியின் துறையமைப்பை அறிந்தே இது செய்யப்பட்டது என்று நாம் கூறவில்லை. அதே மனிதத் தேவை அதே அமைப்பை மீண்டும் தோற்றுவித்தது என்றே கூறுகின்றோம்.

கவிதைத் தரம் என்று நோக்கினால் கல்வெட்டுகளிற் பல வாய்பாட்டுச் செய்யுள்களே. ஒருவருக்குப் பாடியதைப் பெயர் மாற்றி இன்னொருவருக்கும் பாடலாம் என்ற நிலை அவற்றிற் பலவுக்கு உண்டு. அதியமானின் கள்ளும் சோறும்போல இறந்தவருக்கே உரிய ஒரு செய்கை எங்கே இடம்பெறுகின்றதோ அங்கேதான் செய்யுள் உயிர் பெறுகின்றது. நினைவு மலர்கள் ‘நூலகம்’ எண்ணிமத் தொகுப்பில் பெருமளவிற் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை ஊர்வாரியாகவும் காலவாரியாகவும் எடுத்து, புலம்பற் பகுதி எக்காலத்திற் சுருங்கியது, திருமுறைத் தொகுப்பும் நிழற்படங்களும் எக்காலத்தில் அதன் இடத்தைப் பிடித்தன என ஆராய்தல் நம் மாணவர்க்கு ஏற்ற பணியாகும். ஒரு சமூகம் தன் அழுகையை எவ்வாறு எழுதியது, எப்போது எழுதாமல் விட்டது என்பதை அவ்வாய்வு நமக்குக் காட்டக்கூடும்.

7

இவ்வாய்வு ஏட்டுப் பொருளோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு நமது நாட்டின் அண்மைக்கால வரலாறே சான்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. உடல் கிடைக்கப்பெறாதோர் பலர். அதற்கு முன்னும் பின்னுமாக, 2009இல் முடிவுற்ற போரின் நெடுங்காலத்தில் இறந்தோரும் காணாமலாக்கப்பட்டோரும் உள்ளனர். 1985இல் வெளிவந்த ஈழத்துக் கவிதைத் தொகுதி ஒன்று ‘மரணத்துள் வாழ்வோம்’ என்றே பெயர் பூண்டது. சாவு இயல்பு என்ற பழைய கூற்றுக்கும் அத்தலைப்புக்கும் இடையிலுள்ள தொலைவை நாம் அளந்தறிதல் வேண்டும். அங்கு பேசப்படும் சாவு நீரோட்டத்திற் சென்ற புணையன்று.

காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்து தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அதற்கு முந்திய ஆண்டில், 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் பற்றி ஆராயும் அலுவலகத்துக்கு வழிவகுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதற்கான சான்றிதழைப் பெறும் வழியும் சட்டமாக்கப்பட்டது. வாழ்வோர் என்றும் சொல்லவியலாத, இறந்தோர் என்றும் சொல்லவியலாத ஒரு நிலையைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. அத்தகையோருக்குத் திதி வெண்பா பாடுவது எங்ஙனம்? எந்நாளை முதலாகக் கொண்டு முப்பத்தொரு நாளை எண்ணுவது? தாழியின் அகலத்தைக் குயவனுக்குச் சொல்ல 256ஆம் பாட்டின் பெண்ணுக்கு வாய்த்த வாய்ப்புக்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அத்தாயரிடம், உலகம் நில்லாதது, அழுது பயனில்லை என்று கூறுவோர் உண்டு. பழம்பாடல்களைச் சான்று காட்டிக் கூறுவோரும் உண்டு. அவர்கள் காஞ்சியின் முதற்றுறையையும் இறுதித்துறையையும் மட்டும் படித்து, இடையிலுள்ளவற்றைத் தாண்டிச் சென்றவர்கள். தொல்காப்பியரின் வரிசையில், கூற்றத்தின் பெருமையைக் கேட்டவர் புறங்காட்டை வாழ்த்தும் நிலைக்கு வருமுன் பூசலும், இரங்கலும், கையறுநிலையும் கடக்கவேண்டியவை. பாரிமகளிருக்கு வேந்தரின் முரசு கண்முன் இருந்தது. யாரால் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அறியும் உரிமை ஏற்றலுக்கு முற்பட்டது.

சாவு வாழ்வின் இயல்பான பகுதி என்ற உண்மையைத் தமிழ்க் கவிதை தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தது. அதனை அது சொல்லக் கற்ற இடம் மணமுழவும் சாப்பறையும் ஒருங்கு கேட்ட ஊர்த்தெரு. நிலையாமைப் பாடல் ஒன்றை இனி நாம் மதிப்பிடும்போது, அது என்ன கூறுகின்றது என்பதோடு யாரைப் பார்த்துக் கூறுகின்றது என்பதையும், அவர் அழுது முடிக்கும்வரை அது காத்திருந்ததா என்பதையும் கேட்போமாக. அவ்வினாவைக் கொண்டு கல்வெட்டு முதல் காப்பியம் வரை மீண்டும் வாசிக்கவேண்டிய பணி நம் முன்னே உள்ளது.